பச்சைப் பாம்பின் பெயர் வரலாறு

வேலியில் படர்ந்த கோவைக் கொடியின்மேல் ஒரு பச்சைப் பாம்பு கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வேலி கோவில்பட்டிக்குத் தெற்கே, கடம்பூர்ப் பக்கத்துக் கரிசல் காட்டில் இருந்தால், அதைப் பார்ப்பவர் முதலில் தம் கண்ணைத்தான் கையால் மறைப்பார். "கண்கொத்திப் பாம்பு! கிட்டப் போகாதே" என்று குழந்தைகளை எச்சரிப்பார். ஹாங்காங்கின் மலைச்சரிவு ஒன்றில் இப்படியொரு பச்சைப் பாம்பைக் காண்பவர், "சிங் ஜுக் சே!" என்று கூவிக்கொண்டு காலையும் கையையும் பின்னுக்கு இழுத்துக்கொள்வார். அங்கே வழங்கும் காந்தோனிய மொழியில் அந்தப் பாம்பின் பெயர் அது.

இருவரும் அஞ்சுகிறார்கள். இருவருடைய அச்சத்திலும் எது பொருளுடையது? ஹாங்காங்வாசியின் அச்சம் முற்றிலும் நியாயமானது. கடம்பூர்க்காரரின் அச்சத்துக்கோ ஆதாரம் மிகக் குறைவு. நிறம் ஒன்றே, பாம்புகள் வேறு. இந்த வேறுபாட்டை மக்கள் மொழிகள் எவ்வாறு குறித்து வைத்தன, விஞ்ஞானம் எவ்வாறு குழம்பித் தெளிந்தது, அந்தக் குழப்பத்துக்கும் மனித உயிருக்கும் என்ன தொடர்பு என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

மூங்கிலில் வாழும் விரியன்

"சிங்" என்றால் பசுமை. "ஜுக்" என்றால் மூங்கில். "சே" என்றால் பாம்பு. ஆகப் பசு மூங்கில் பாம்பு என்பது அந்தக் காந்தோனியச் சொல்லின் பொருள். விலங்கியலார் இதை வெள்ளை உதட்டுக் குழிவிரியன் என்பர். 1842-இல் பிரிட்டிஷ் விலங்கியலாரான ஜான் எட்வர்ட் கிரே இதற்கு "அல்போலாப்ரிஸ்" என்று பெயரிட்டார். வெள்ளை உதடு என்பதே அந்த லத்தீன் சொல்லின் பொருள். ஹாங்காங்கில் நிகழும் பாம்புக்கடிகளில் மிகப் பெரும்பாலானவை இந்த ஒரே பாம்பினால் ஏற்படுபவை. கடிபட்ட இடம் கடுமையாக வலித்து வீங்கும். இரத்தம் உறையும் தன்மையும் கெடக்கூடும். உயிரிழப்பு அரிது என்றாலும் மருத்துவ உதவி கட்டாயம் தேவை.

குழிவிரியன் என்ற பெயர் எதனால் வந்தது? இவ்வகைப் பாம்புகளின் கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் இடையே, பக்கத்துக்கு ஒன்றாக ஒரு சிறு குழி உண்டு. அது வெப்பத்தை உணரும் உறுப்பு. கும்மிருட்டிலும் ஓர் எலியின் உடற்சூட்டை அக்குழி கண்டுகொள்ளும். பகலில் கிளையோடு கிளையாக அசையாமல் கிடக்கும் பாம்பு, இரவில் இக்கருவியின் துணையுடன் வேட்டையாடுகிறது. அசையாமல் கிடப்பதால்தான் மனிதர் தெரியாமல் கை வைத்துவிடுகிறார்கள்.

இதே இனத்துக்குத் தாய்லாந்து மக்கள் வேறொரு பெயர் வைத்திருக்கிறார்கள். "ஙூ கியாவ் ஹாங் மாய்" என்பர். பாம்பு, பச்சை, வால், தீய்ந்தது என்ற நான்கு சொற்களின் கூட்டு அது. வால் தீய்ந்த பச்சைப் பாம்பு! உண்மையிலேயே இப்பாம்பின் உடல் பச்சையாகவும் வால் மட்டும் செம்பழுப்பாகவும் இருக்கும். 

நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் கிழக்குத் தொடர்ச்சி மலையிலும் இதன் உறவினமான பச்சை நிறக் குழிவிரியன் ஒன்று வாழ்கிறது. தமிழில் அதை மூங்கில் விரியன் என்கிறோம். மலையாளத்தில் "முளமண்டலி" என்பர். முள என்பது மூங்கில். மண்டலி என்பது விரியன். ஒருவரையொருவர் அறியாத காந்தோனியரும் மலையாளியும் ஒரே வகையில் பெயர் வைத்திருப்பதைக் கவனியுங்கள். இருவரும் அப்பாம்பை மூங்கில் புதரில் கண்டார்கள். கண்ட இடத்தையே பெயராக்கிவிட்டார்கள். "மூங்கில் வெட்டப் போகும்போது கையைப் பார்த்து வை" என்ற எச்சரிக்கை அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது.

கரிசல் காட்டின் கண்கொத்தி

கடம்பூரில் மூங்கில் காடு இல்லை. பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் விளையும் மானாவாரிக் கரிசல் நிலம் அது. கோடையில் நிலம் பாளம் பாளமாக வெடிக்கும். வேலிக்கருவேலும் உடைமரமும் பனையும்தான் கண்ணுக்குத் தெரியும் மரங்கள். இத்தகைய சமவெளியில் மூங்கில் விரியன் வாழ்வதில்லை. அங்கே வேலியில் காணப்படும் பச்சைப் பாம்பு முற்றிலும் வேறு குடும்பத்தைச் சேர்ந்த கொடிப் பாம்பு ஆகும்.

அதன் உடல் சாட்டைபோல் மெலிந்தது. முகம் கூர்மையாக நீண்டிருக்கும். கண்ணின் பாவை மற்றப் பாம்புகளைப்போல் வட்டமாகவோ செங்குத்துக் கீற்றாகவோ இல்லாமல், படுக்கைவாட்டில் சாவித் துளைபோல் அமைந்திருக்கும். கண்ணிலிருந்து மூக்கு நுனி வரை ஒரு பள்ளம் ஓடுகிறது. துப்பாக்கியால் குறி பார்ப்பவர் குழலின் வழியே நோக்குவதைப்போல, இப்பாம்பு அந்தப் பள்ளத்தின் வழியே இரு கண்களாலும் ஒரே பொருளை நோக்கித் தொலைவை மதிப்பிடுகிறது. பகலில் ஓணான், பல்லி, தவளை, சிறு பறவை ஆகியவற்றைப் பிடித்துத் தின்னும். ஒரு பொருளை அசையாமல் உற்று நோக்குவதால், நம்மையே பார்த்துக்கொண்டிருப்பதுபோல் தோன்றும்.

இதற்கு நஞ்சு உண்டா? உண்டு, ஆனால் மிகவும் மென்மையான நஞ்சு. நச்சுப்பற்கள் மேல்தாடையின் பின்பகுதியில் இருக்கின்றன. வாய்க்குள் நன்றாகக் கவ்விய இரையின்மேல்தான் அவை பதியும். மனிதரைக் கடித்தால் சற்று வலியும் வீக்கமும் தோன்றிச் சில நாட்களில் மறைந்துவிடும். உயிருக்கு ஆபத்து இல்லை.

அப்படியானால் கண்ணைக் கொத்தும் என்ற பெயர் ஏன்? நிலத்தில் ஊரும் பாம்பு நம் காலைக் கடிக்கும். கொடிப் பாம்போ செடிகொடிகளின்மேல், ஏறத்தாழ நம் முக உயரத்தில் கிடக்கிறது. சீண்டினால் வாயை அகலத் திறந்து, அசையும் பொருளை நோக்கிப் பாயும். முகத்துக்கு நேரே பாயும் பாம்பைக் கண்டவர், அது தம் கண்ணைத்தான் குறி வைத்தது என்று எண்ணியிருக்கலாம். அதன் உற்றுநோக்கும் பார்வை அவ்வெண்ணத்தை மேலும் உறுதியாக்கியிருக்கும். "கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தான்" என்று நாம் பேச்சில் சொல்கிறோமல்லவா? ஊன்றிப் பார்க்கும் பார்வை என்ற உண்மையும், கண்ணைக் கொத்தும் என்ற கற்பனையும் அந்த ஒரு சொல்லில் கலந்து கிடக்கின்றன.

இதே பாம்பை உயிருடன் பிடித்துக் கையால் உருவினால் சமையலில் கைமணம் கூடும் என்றொரு நம்பிக்கையும் தமிழ்நாட்டின் சில பகுதிகளில் உண்டு. ஓரிடத்தில் கண்ணைப் பறிப்பது. வேறோரிடத்தில் கைமணம் கொடுப்பது! இரண்டு நம்பிக்கைகளாலும் துன்பப்படுவது என்னவோ பாம்புதான்.

இலங்கையிலிருந்து தென் அமெரிக்காவுக்கு

கண்கொத்தி என்ற எண்ணம் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. இலங்கையில் சிங்களவர் இப்பாம்பை "அஹேட்டுல்லா" என்று அழைத்தனர். கண்ணைப் பறிப்பது என்பதே அதற்கும் பொருள். இலங்கையில் போர்வீரராகப் பணியாற்றிய ஜொவாவோ ரிபெய்ரோ என்ற போர்த்துகீசியர், 1685-இல் எழுதிய நூலில் இந்தப் பாம்பையும் கண்ணைப் பறிக்கும் என்ற நம்பிக்கையையும் குறிப்பிட்டார். அச்சொல் ஐரோப்பாவுக்குப் பயணமாயிற்று.

உயிரினங்களுக்கு இருசொற் பெயரிடும் முறையை நிலைநாட்டிய சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ், 1758-இல் வெளியிட்ட தம் புகழ்பெற்ற நூற்பதிப்பில் ஒரு பாம்புக்கு "அஹேட்டுல்லா" என்ற சொல்லைச் சிற்றினப் பெயராக வைத்தார். விந்தை என்னவென்றால், அந்தப் பெயரை இன்று தாங்கி நிற்பது இலங்கைப் பாம்பு அன்று! மத்திய அமெரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் வாழும் கிளிப்பச்சை நிறப் பாம்பு ஒன்றே அப்பெயரைச் சுமக்கிறது. அது இலங்கையைக் கண்டதே இல்லை. பின்னர் 1807-இல் ஜெர்மானிய அறிஞர் லிங்க் இச்சொல்லைப் பேரினப் பெயராக எடுத்தாண்டார். அதன் பயனாக நம் கொடிப் பாம்புகளுக்கு அப்பெயர் மீண்டும் கிடைத்தது.

இப்படித் தென் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த இலங்கைச் சொல் இன்னொன்றும் உண்டு. அதை நீங்கள் அனைவரும் அறிவீர்கள்: "அனகோண்டா". ஆங்கில இயற்கை அறிஞர் ஜான் ரே 1693-இல் வெளியிட்ட நூலில் இது இலங்கைப் பாம்பு ஒன்றின் பெயராகவே வருகிறது. மின்னல்தண்டு என்று பொருள்படும் "ஹெனகந்தயா" என்ற சிங்களச் சொல்லே இதன் மூலம் என்பர் ஒரு சாரார். அச்சொல் சாட்டைபோல் மெலிந்த பாம்பைக் குறிப்பது. யானையைக் கொன்றவன் எனப் பொருள்படும் "ஆனைகொன்றான்" என்ற தமிழ்ச் சொல்லே மூலம் என்பர் மற்றொரு சாரார். எது சரியாயினும், இன்று அப்பெயர் அமேசான் சதுப்புகளில் வாழும் மாபெரும் பாம்பின் பெயராகிவிட்டது. பெயரைக் கேட்டு எழுதியவர் பாம்பைப் பார்க்காவிட்டால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுமோ?

விசாகப்பட்டினத்து மருத்துவர்

பெயரையும் கேட்டு, பாம்பையும் நேரில் ஆராய்ந்தவர் ஒருவர் உண்டு. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மருத்துவர் பாட்ரிக் ரஸ்ஸல் 1781-இல் விசாகப்பட்டினம் வந்தார். 1785-இல் கிழக்கிந்தியக் கும்பெனி அவரைச் சென்னை மாகாணத்தின் இயற்கை ஆய்வாளராக நியமித்தது. பாம்புக்கடியால் மக்கள் மடிவதைக் கண்ட அவர், எந்தப் பாம்பு நஞ்சுள்ளது, எது நஞ்சற்றது என்று சாதாரண மக்களும் பிரித்தறிய வழி காணவேண்டும் என்று உறுதி பூண்டார். ஊரார் பிடித்துக் கொடுத்த பாம்புகளின் வாயைத் திறந்து பற்களை ஆராய்ந்தார். கோழிகளையும் நாய்களையும் கடிக்கவிட்டு விளைவுகளைக் குறித்தார். பாம்புக்கடிக்குக் கைகண்ட மருந்து என்று புகழ்பெற்றிருந்த தஞ்சாவூர் மாத்திரையையும் சோதித்தார். அதில் பாடாணம் கலந்திருந்தது.

1796-இல் அவருடைய பெரு நூல் வண்ணப் படங்களுடன் வெளிவந்தது. சோழமண்டலக் கடற்கரைப் பாம்புகள் நாற்பதுக்கும் மேற்பட்டவை அதில் இடம்பெற்றன. அவற்றுள் நஞ்சுள்ளவை மிகச் சிலவே. ரஸ்ஸல் செய்த மற்றொரு நற்செயல், மக்கள் வழங்கிய பெயர்களை அப்படியே காதால் கேட்டு எழுதி வைத்தது. "பங்காரும் பாமு", "கட்டுக ரேகுல பொட", "பொட்ரூ பாம்", "பசிரிகி பாம்" என்று தெலுங்குப் பெயர்கள் அந்நூலின் ஏடுகளில் அணிவகுக்கின்றன. கோவில்பட்டி வட்டாரத்தில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் பல உண்டு. பாமு என்றால் பாம்பு என்றும், பங்காரு என்றால் பொன் என்றும் அவர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. பொன்னிறப் பட்டைகள் கொண்ட அந்தப் பாம்பின் பெயரிலிருந்தே 1803-இல் பிரெஞ்சு அறிஞர் தோதேன் "பங்காரஸ்" என்ற பேரினப் பெயரை அமைத்தார். நம் கட்டுவிரியனும் இன்று அப்பேரினத்தைச் சேர்ந்ததே. "கட்டுக ரேகுல பொட" எனப்பட்ட கண்ணாடி விரியனோ ரஸ்ஸலின் பெயரையே தாங்கி, உலகெங்கும் ரஸ்ஸல் விரியன் என வழங்குகிறது.

நம் கதைக்கு முக்கியமானவை கடைசி இரண்டு பெயர்கள். "பசிரிகி பாம்" என்பது கொடிப் பாம்பு. "பொட்ரூ பாம்" என்பது பச்சை நிற மூங்கில் விரியன். இரண்டும் பச்சை. ஆயினும் ஊரார் இரண்டுக்கும் இரு வேறு பெயர்கள் வைத்திருந்தார்கள் என்பதையும், ரஸ்ஸல் இரண்டையும் தனித்தனி ஏடுகளில் வரைவித்தார் என்பதையும் மறவாதீர்கள்.

நூறாண்டுக் குழப்பம்

லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஜார்ஜ் ஷா, ரஸ்ஸலின் "பொட்ரூ பாம்" படத்தையும் விளக்கத்தையும் கொண்டு 1802-இல் அதற்கு "கிராமினியஸ்" என்று லத்தீன் பெயர் சூட்டினார். புல்லுக்குரியது என்பது அதன் பொருள். புல்லின் நிறம் என்ற அளவில் அப்பெயர் பொருத்தமே. ஆனால் அது பாம்பின் நிறத்தை மட்டுமே சொல்லிற்று. விளைவு என்ன? பர்மா, சயாம், மலேயா, தென் சீனம் என்று எங்கே பச்சை நிறக் குழிவிரியன் கிடைத்தாலும், அதுவும் "கிராமினியஸ்" என்றே பலராலும் குறிக்கப்படலாயிற்று. விசாகப்பட்டினத்துப் பாம்பின் பெயர் ஹாங்காங் பாம்பின் தலையிலும் ஏறி உட்கார்ந்தது. ஊரார் பல பெயர்களால் பிரித்து வைத்ததை நூலோர் ஒரே பெயரில் அடைத்துவிட்டனர்.

இந்த முடிச்சை அவிழ்த்தவர்கள் அமெரிக்காவைச் சேர்ந்த கிளிஃபோர்டு போப், சாரா போப் ஆகிய இருவர். 1933-இல் வெளியிட்ட ஆய்வுரையில், "கிராமினியஸ்" என்று வழக்கமாக அடையாளம் சொல்லப்பட்ட தென்கிழக்கு ஆசியப் பச்சை விரியன்கள் ஒன்றல்ல, பல சிற்றினங்கள் என்று அவர்கள் விளக்கினர். செதில்களின் எண்ணிக்கை, உதட்டின் நிறம், வாலின் நிறம் போன்ற அடையாளங்களே பிரித்தறிய உதவின. தாய்லாந்து உழவர் வாலைப் பார்த்துப் பெயர் வைத்தது எவ்வளவு கூர்மையான செயல் என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

கொடிப் பாம்பின் கதையும் இதே போன்றதுதான். 1789-இல் பிரெஞ்சு அறிஞர் லாசெபேத் சூட்டிய "நசூட்டா" என்ற ஒரே பெயரால், இலங்கை முதல் இந்தியத் தீபகற்பம் முழுவதிலும் உள்ள பச்சைக் கொடிப் பாம்புகள் நெடுங்காலம் வழங்கின. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர்களும் சென்னையைச் சேர்ந்த பாம்பியலார் எஸ். ஆர். கணேஷும் மற்றும் சிலரும் பாம்புகளின் மரபணுவையும் உடலமைப்பையும் ஒப்பிட்டு, 2020-இல் இக்கருத்தை மாற்றினர். "நசூட்டா" என்ற பெயர் இலங்கைப் பாம்புக்கு மட்டுமே உரியது என்றும், தீபகற்பத்தின் சமவெளிப் பாம்பு 1825-இல் தாமஸ் பெல் பெயரிட்ட "ஆக்ஸிரிங்கா" என்ற தனிச் சிற்றினம் என்றும், மேற்குத் தொடர்ச்சி மலையில் வேறு பல தனிச் சிற்றினங்கள் உள்ளன என்றும் காட்டினர். ஆகக் கடம்பூர் வேலியில் கிடக்கும் பச்சைப் பாம்பு தன் சரியான பெயரை மீண்டும் பெற்றது அண்மையில்தான்.

பெயர் தவறினால் என்ன?

"பாம்புக்கு எந்தப் பெயர் இருந்தால் நமக்கென்ன?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்கு விடை மருத்துவ வரலாற்றில் இருக்கிறது.

1890-களில் பிரெஞ்சு மருத்துவர் ஆல்பெர் கால்மெத், பாம்பின் நஞ்சைச் சிறுகச் சிறுகப் பிராணிகளுக்குச் செலுத்தி, அவற்றின் இரத்தத்திலிருந்து நச்சுமுறி மருந்து தயாரிக்கும் முறையைக் கண்டறிந்தார். மகத்தான கண்டுபிடிப்பு அது. நாகப்பாம்பின் நஞ்சைக் கொண்டு செய்த மருந்து எல்லாப் பாம்புகளின் நஞ்சையும் முறிக்கும் என்று அவர் நம்பினார். ஆனால் ஆஸ்திரேலியாவில் ஆய்வு நடத்திய சார்லஸ் மார்ட்டின் இது சரியன்று என்று காட்டினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பம்பாயில் ஆராய்ந்த ஜார்ஜ் லாம்ப், நாகத்தின் நஞ்சுக்கான மருந்து கண்ணாடி விரியனின் நஞ்சை முறிப்பதில்லை என்று சோதனைகளால் மெய்ப்பித்தார். அன்று முதல் பாம்பின் பெயர் உயிர்காக்கும் செய்தியாகிவிட்டது. எந்தப் பாம்பின் நஞ்சைக் கொண்டு மருந்து செய்தோமோ, அந்தப் பாம்புக்கும் அதன் நெருங்கிய உறவினங்களுக்குமே அம்மருந்து பயன்படும்.

இந்தியாவில் இன்று வழங்கும் பன்முக நச்சுமுறி மருந்து நான்கு பாம்புகளின் நஞ்சைக் கொண்டு செய்யப்படுவது: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இம்மருந்துக்கு நஞ்சு எடுத்துக் கொடுத்துப் பெரும் பணி ஆற்றி வருகிறது. மூங்கில் விரியன் இந்நான்கில் சேராது. ஹாங்காங் மருத்துவமனைகளோ பச்சை விரியனுக்கென்றே பாங்காக்கில் தாய்லாந்து செஞ்சிலுவைச் சங்கம் தயாரிக்கும் தனி மருந்தைப் பயன்படுத்துகின்றன. ஆகவே "பச்சைப் பாம்பு கடித்தது" என்ற ஒரே வாக்கியத்துக்கு மூன்று இடங்களில் மூன்று பொருள். கடம்பூர்ச் சமவெளியில் பெரும்பாலும் அஞ்சத் தேவையில்லாத கடி. நம் மலைக்காட்டில் கவனமான மருத்துவம் வேண்டிய கடி. ஹாங்காங்கில் தனி நச்சுமுறி தேவைப்படக்கூடிய கடி.

மலேயாவின் தோட்டங்களுக்குப் பிழைக்கச் சென்ற தமிழரை எண்ணிப் பாருங்கள். பினாங்குத் தீவில் பாம்புக் கோயில் என்றே ஒரு சீனக் கோயில் உண்டு. அங்கே கிளைகளில் சுருண்டு கிடப்பவை குழிவிரியன்கள். பச்சை நிறமும் அவற்றில் உண்டு. சமவெளி ஊரிலிருந்து போனவர் எடுத்துச் சென்ற பச்சைப் பாம்பு என்ற சொல், அந்நாட்டுப் பாம்புக்குப் பொருந்தாது. சொல் கப்பலேறி வரும். அதன் பின்னுள்ள அனுபவம் ஊரிலேயே தங்கிவிடும்.

கரிசலில் உண்மையான ஆபத்து எது?

கரிசல் சீமையில் அஞ்ச வேண்டிய பாம்புகள் மேலே சொன்ன நான்குமே. இவற்றின் தமிழ்ப் பெயர்களைச் சற்று ஆராய்வோம். முதுகில் கண்ணாடி பதித்தாற்போன்ற நீள்வட்டப் புள்ளிகள் இருப்பதால் கண்ணாடி விரியன். உடலைச் சுருட்டிக்கொண்டு செதிலோடு செதில் உரசி ஓசை எழுப்புவதால் சுருட்டை விரியன். கருத்த உடலில் கட்டுக் கட்டாக வெள்ளைக் கோடுகள் இருப்பதால் கட்டுவிரியன். இவை மூன்றும் அடையாளப் பெயர்கள். நம் முன்னோரின் கூர்ந்த நோக்குக்குச் சான்றுகள். நல்ல பாம்பு என்பது அச்சத்தாலும் பக்தியாலும் வைத்த மரியாதைப் பெயர்.

ஆயினும் கட்டுவிரியன் என்ற பெயரில் ஒரு பிழை இருக்கிறது. அது விரியன் அன்று. நல்ல பாம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. விரியன் கடித்தால் வீக்கமும் வலியும் இரத்தக் கசிவும் தோன்றும். கட்டுவிரியன் கடித்த இடத்திலோ வலியும் வீக்கமும் பெரும்பாலும் இரா. இரவில் தரையில் படுத்துறங்குபவரைக் கடித்துவிட்டுப் போய்விடும். விடியற்காலையில் வயிற்றுவலி, இமை சரிதல், மூச்சுத் திணறல் என்று நிலைமை முற்றும். "விரியன் கடித்தால் வீங்க வேண்டுமே, வீக்கத்தைக் காணோமே" என்று காத்திருந்தால் உயிர் போய்விடும். பெயர் தரும் செய்தியை அப்படியே நம்புவதிலும் ஆபத்து உண்டு என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

கண்கொத்தி என்ற தவறான பெயரால் விளையும் தீங்கு வேறு வகையானது. கொடிப் பாம்பு கடித்தவரை மந்திரிப்பவரிடம் அழைத்துச் செல்கிறார்கள். அவர் வேப்பிலை அடித்து மந்திரிக்கிறார். கடிபட்டவர் இரண்டு நாளில் எழுந்து நடமாடுகிறார். அவர் மந்திரிக்காவிட்டாலும் எழுந்திருப்பார் என்பதை ஊர் அறியாது. மந்திரத்தின் புகழ் பரவுகிறது. அடுத்த மாதம் கண்ணாடி விரியன் கடித்தவரையும் அதே வாசலுக்குத் தூக்கிச் செல்கிறார்கள். அங்கே வீணாகும் ஒவ்வொரு மணி நேரமும் உயிரின் விலை. கேடற்ற பச்சைப் பாம்பு இவ்வாறு தன்னை அறியாமலே ஒரு பொய்க்குச் சாட்சியாகிறது.

2000-ஆம் ஆண்டு முதல் 2019 வரை இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டுள்ளது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். பெரும்பாலோர் சிற்றூர்களில் வாழும் உழவரும் கூலித் தொழிலாளரும் அவர்தம் பிள்ளைகளும். 2024-இல் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை, மருத்துவமனைகள் கட்டாயமாகத் தெரிவிக்க வேண்டிய ஒன்றாக அறிவித்தது. எந்த ஊரில் எத்தனை கடிகள் என்ற கணக்குச் சரியாகக் கிடைத்தால், மருந்தை எங்கே இருப்பு வைக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

பாம்பு கடித்தால் என்ன செய்வது? கடித்த பாம்பைத் தேடி அலையவோ அடித்துக் கொண்டுவரவோ வேண்டாம், இன்னொருவர் கடிபடுவார். கடிவாயைக் கீறுதல், உறிஞ்சுதல், கயிற்றால் இறுகக் கட்டுதல் எதுவும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ எலும்பு முறிந்தவர்க்குக் கட்டுவதுபோல் அசையாமல் வைத்து, தாமதமின்றி அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். பாம்பின் பெயர் தெரியாவிட்டாலும் மருத்துவர் தவிக்கமாட்டார். கடிபட்டவரின் இரத்தத்தில் சிறிதளவு எடுத்துத் தூய கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசையாமல் வைத்துப் பார்ப்பார். உறையாமல் நீர்த்திருந்தால் விரியன் நஞ்சு என்று ஊகிக்கலாம். இமை சரிகிறதா, மூச்சு எப்படி இருக்கிறது என்றும் கவனிப்பார். கொடிப் பாம்புதான் என்று நீங்கள் உறுதியாக எண்ணினாலும் மருத்துவரிடம் காட்டிவிடுவதே அறிவுடைமை. அடையாளம் தவறுவது எவர்க்கும் இயல்பே அன்றோ?

பெயர்களைத் தொகுப்போம்

காந்தோனியர் தம் பச்சைப் பாம்புக்கு அது வாழும் இடத்தைப் பெயராக வைத்தனர். தாய்லாந்து மக்கள் உடலின் அடையாளத்தை வைத்தனர். தமிழரும் சிங்களவரும் தம் பச்சைப் பாம்புக்குத் தம்முடைய அச்சத்தைப் பெயராக வைத்தனர். இடமும் அடையாளமும் பல தலைமுறைக்கும் வழிகாட்டும். அச்சமோ ஒரு சாதுப் பாம்பை அடித்துக் கொல்லவே பயன்பட்டது.

மாணவ நண்பர்களே! உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கொம்பேறிமூக்கன், சாரை, மண்ணுளி, தண்ணீர்ப் பாம்பு என்று எத்தனை பெயர்கள் வழங்குகின்றன? ஒவ்வொரு பெயரும் இடத்தால் வந்ததா, அடையாளத்தால் வந்ததா, அச்சத்தால் வந்ததா? ஒரு குறிப்பேட்டில் மூன்று பத்திகளாகப் பிரித்து எழுதுங்கள். உயிருள்ள பாம்பை நெருங்க வேண்டாம், பெயர்கள் போதும். இருநூறு ஆண்டுகளுக்கு முன் பாட்ரிக் ரஸ்ஸல் விசாகப்பட்டினத்து ஊர்களில் தொடங்கிய அதே வேலைதான் இது. அவர் கேட்ட வினாவும் இதுவே: மக்கள் இந்தப் பாம்பை என்னவென்று அழைக்கிறார்கள்? ஏன் அப்படி அழைக்கிறார்கள்?